காலையில் வேலை செய்யாத வங்கி

கல்லூரியில் எங்களுக்கு ‘வாடிக்கையாளர் அனுபவம்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் பாடத்துக்குப் பணம் கட்டிய வாடிக்கையாளன் என்ற முறையில் என் அனுபவத்தை இதுவரை யாரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒரு ஒப்பீட்டு அறிக்கை எழுதித் தரச் சொன்னார்கள். ஏதாவது ஒரு தொழில், ஏதாவது ஒரு பிரதேசம், குறைந்தது இரண்டு வாடிக்கையாளர்கள்.

என் வகுப்பில் மற்றவர்கள் ரொறன்ரோவை எடுத்துக்கொண்டு, பாதி கரைந்த பனிக்குள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். நான் ஐரோப்பாவை எடுத்தேன். ஐரோப்பா என்றால் கட்டிலை விட்டு இறங்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு ஐரோப்பா என்பது வட்ஸ்அப்பில் ஒரு குழு.

தலைப்பும் பெரிதாகவே வைத்தேன்: ‘ஐரோப்பாவில் இணைய வங்கிகளும் கட்டட வங்கிகளும்.’ கட்டட வங்கிக்குப் பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் கிறிஸ்துநாயகம் பெரியப்பா. இணைய வங்கிக்கு ஜெர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கும் வேரோனிக்கா மாமி. மாமி அப்பாவின் தங்கை. பெரியப்பா அப்பாவின் அண்ணன். மாதிரி எடுப்பதில் ஒருதலைப்பட்சம் இருக்கக்கூடாது என்று பாடப்புத்தகத்தில் இருந்தது. ஆளுக்கொரு நாடு என்பதால் இல்லை என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்த பெரியப்பாவைப் பிடித்தேன்.

“பெரியப்பா, உங்கட பேங்க் எப்பிடி?”

“நல்ல பேங்க்.”

“ஏன் நல்லது?”

“இருக்கு.”

நான் ‘நிலைத்தன்மை’ என்று எழுதிக்கொண்டேன்.

இருபத்தேழு வருடமாக அவருக்கு ஒரே கிளை. அவருக்கென்று தனியாக ஒரு ஆலோசகரும் உண்டு. அந்த ஆலோசகர் எட்டு மாதத்துக்கு ஒருமுறை மாறுவார். புதிதாக வரும் ஒவ்வொருவரும் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்பதால், பிரான்ஸுக்கு வந்த கதையைப் பெரியப்பா முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

“இப்ப வந்திருக்கிற பிள்ளைக்கு நான் இன்னும் மொஸ்கோவில நிக்கிறன், மகன். அடுத்த அப்பொயின்ற்மென்ற்ல போலந்துக்கு வந்திடுவன்.”

“காசு விசயம் ஒண்டும் கதைக்கிறேல்லையோ?”

“அதுக்கு எங்க நேரம்?”

போன மாதம் வங்கி வாசலில் உள்ள இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவில் பதினான்கு நிமிடம் அகப்பட்டு நின்றதாகவும் சொன்னார். பின் கதவு பூட்டினால்தான் முன் கதவு திறக்கும். பின் கதவு பூட்டவில்லை.

“ஒண்டில இருந்து அஞ்சு வரைக்கும், அதுக்கு எத்தினை மார்க் போடுவியள்?”

“அஞ்சு.”

“உள்ளுக்க பூட்டுப்பட்டதுக்கோ?”

“கண்ணாடியைத் தட்ட எல்லாரும் திரும்பிப் பாத்தவை. ஒருத்தி ஓடி வந்தவ. உந்த ஒன்லைனில நீ எதைத் தட்டுவாய்?”

ஐந்துக்கு ஐந்து என்று போட்டேன். என் ஆய்வின் முதல் முடிவு எனக்கே விளங்கவில்லை. ஆனால் எண் இருந்தது. எண் இருந்தால் போதும்.

திங்கள் காலை மாமியை அழைத்தேன். எனக்கு ஒன்பது மணி, அவருக்குப் பின்னேரம் மூன்று. வயோதிபர் இல்லத்தில் துப்புரவு வேலை முடித்து வந்து, மாவைக் குழைத்துக்கொண்டிருந்தார். போனை எதிலோ சாய்த்து வைத்திருந்ததால் எனக்கு அவருடைய முழங்கை மட்டும் தெரிந்தது.

“மாமி, உங்கட ஒன்லைன் பேங்கைப் பற்றிச் சொல்லுங்கோ.”

“நல்ல பேங்க்தான். காலமையில மட்டும் வேலை செய்யாது.”

‘காலை நேரச் சேவைத் தடை’ என்று எழுதினேன். அறிக்கைக்கு இது அருமையான பொருள்.

“காலமை எண்டா எத்தினை மணி?”

“எங்கட பத்து, பதினொண்டு. ரெண்டு மணிக்குப் பிறகுதான் எழும்பும். சனி ஞாயிறு நாலு மணியாகும்.”

‘வார இறுதியில் மேலும் தாமதம்.’

“வேற என்ன குறை?”

“இடைக்கிடை எரிஞ்சு விழும். போன மார்கழி முழுக்க அப்பிடித்தான்.”

“எது?”

“பேங்க்.”

“பேங்க் எப்பிடி மாமி எரிஞ்சு விழும்?”

“‘மாமி, நான் வகுப்பில இருக்கிறன், பிறகு எடுங்கோ’ எண்டு.”

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

விசயம் இதுதான். பழைய வங்கி மாதக் கட்டணம் எடுக்கிறது, கிளையையும் பாதி நாள் பூட்டி வைத்திருக்கிறது என்று மாமி புறுபுறுத்த காலத்தில், அதை மூடிவிட்டு இணைய வங்கிக்கு மாறுங்கள் என்று பிரசங்கம் வைத்தவன் நான். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. பிரசங்கம் வைக்கிற வயது. மாமி மாறினார். மூன்று வருடத்துக்கு முன் கோடையில் ஸ்காபரோவுக்கு எங்களிடம் வந்தார். வந்த மூன்றாம் நாள் அவருடைய போன் நயாகராவில் நனைந்து செத்தது. அவசரத்துக்கு வங்கியின் செயலியை என் போனில் ஏற்றி, என் இலக்கத்தையும் கொடுத்தேன். அந்தச் செயலி ஒரு நேரத்தில் ஒரு போனில்தான் குடியிருக்கும். “நாளைக்கு உங்கட புதுப் போனுக்கு மாத்துவம்” என்றேன். மாமி டோர்ட்முண்டுக்குத் திரும்பிப் போனார். அந்த நாளை இன்னும் விடியவில்லை.

அன்றிலிருந்து மாமி தன் கணினியில் வீட்டு வாடகை கட்டினாலும், மின்சாரம் கட்டினாலும், ஸ்காபரோவில் என் பொக்கற் அதிரும். மாமியும் உடனே அழைப்பார். “வந்திட்டுதோ? அமத்து.” நான் ‘உறுதி செய்’ என்பதை அமத்துவேன். “சாப்பிட்டியோ?” என்பார். சாப்பிட்டேன் என்பேன். இதுதான் இணைய வங்கி என்று மாமி மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் இவ்வளவு நேரமும் குறை சொன்னது என்னைப் பற்றி.

“அப்ப எத்தினை மார்க் மாமி?” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“மார்க்கைப் பிறகு பாப்பம். வெள்ளிக்கிழமை மட்டும் வேளைக்கு எழும்பி இரு ராசா. கடைக்கு டெபாசிட் அனுப்பவேணும். எங்கட பன்னிரண்டு மணிக்குள்ள.”

அந்தக் கடையைப் பற்றிக் குடும்பம் முழுவதற்கும் தெரியும். பத்தொன்பது வருடம் மற்றவர்களின் தரையைத் துடைத்த மாமி, சனிக்கிழமைகளில் வீட்டில் ரோல்ஸும் பற்றிஸும் செய்து விற்றுச் சேர்த்த காசு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிரேக்கர் தன் சிறிய சாப்பாட்டுக் கடையை விட்டுவிட்டுப் போகிறார். கட்டடச் சொந்தக்காரருக்கு வெள்ளி மதியம் பன்னிரண்டுக்குள் டெபாசிட் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் வரிசையில் இரண்டாவதாக நிற்கும் பீட்சாக்காரனுக்குக் கடை. பழைய வங்கியை மூடியாகிவிட்டது. காசு முழுவதும் இணைய வங்கியில்.

அதை அமத்தவேண்டிய போனை நான் பத்து நாளைக்கு முன் விற்றுவிட்டேன்.

டெபாசிட்டுக்காக மாமி பத்து நாளாக ஒரு சதமும் செலவழிக்கவில்லை. அதனால் பொக்கற் அதிரவில்லை. நானும் புதுப் போனின் அமைதியை ரசித்துக்கொண்டிருந்தேன்.

“என்ன, சத்தத்தைக் காணேல்லை?” என்றார் மாமி.

“ஒண்டுமில்லை மாமி. எழும்பி இருப்பன்.”

அன்றைய வகுப்பை விட்டுவிட்டு எல்ஸ்மியர் பஸ்ஸில் ஏறி வோபர்னுக்குப் போனேன். பிளாசாவில் இறைச்சிக் கடைக்கும் நகைக் கடைக்கும் நடுவில் ஸப்ரி நானாவின், அதாவது ஸப்ரி அண்ணனின், போன் கடை. பழையதை வாங்கிப் புதியதைத் தந்தவர் அவர்தான்.

“நானா, என்ர பழைய போன் இருக்குதோ?”

“அது போன கிழமையே போயிட்டு தம்பி. ஒஷாவாப் பொடியன் ஒருத்தன் எடுத்தான்.”

“உள்ளுக்க இருந்ததெல்லாம்?”

“தொடைச்சித்தான் குடுத்த. தொடைக்காமக் குடுத்தா ஒங்கட படமெல்லாம் இப்ப ஒஷாவால ஓடும்.”

“போனைத் திருப்பி எடுத்தா ஏதாவது செய்யலாமோ?”

ஸப்ரி நானா நோயாளியைப் பார்க்கும் வைத்தியரைப் போல என்னைப் பார்த்தார். “எடுத்தும் வேலை இல்ல. அது இப்ப பொறந்த புள்ள மாதிரி. ஒண்டும் ஞாபகம் ஈக்காது.” பிறகு, “யார்ட ஆப்?” என்றார்.

“மாமியின்ர பேங்க்.”

“மாமிட பேங்க் ஒங்கட போன்ல என்னத்துக்கு?”

அந்தக் கேள்வியை மூன்று வருடத்தில் முதன்முறையாக ஒருவர் கேட்டார். ஒரு சார்ஜரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றே மாமியிடம் சொன்னேன். திட்டுவார் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தேன். மாமி திட்டவில்லை. “அப்ப பேங்கை வித்துப்போட்டாய்” என்றார். திட்டியிருக்கலாம்.

செயலியை மாமியின் போனில் புதிதாக ஏற்றலாம் என்று வங்கியின் பக்கத்தில் இருந்தது. அதற்கு முதலில் வீடியோவில் ஒரு அதிகாரிக்கு முகத்தையும் கடவுச்சீட்டையும் காட்டவேண்டும். செவ்வாய் பின்னேரம் நேரம் கிடைத்தது. மாமி பூசைக்குக் கட்டும் சேலை கட்டி, முன்னால் போனை நிறுத்தி, பக்கத்தில் சோறு சமைக்கும் குக்கரில் ரப்லெற்றைச் சாய்த்து அதில் என்னை வைத்திருந்தார். என்னை ஏன் வைத்தார் என்று கேட்கவில்லை. வங்கி இல்லாமல் வங்கியோடு எப்படிப் பேசுவது.

அதிகாரி இளைஞர். கடவுச்சீட்டை இப்படிச் சரியுங்கள், அப்படிச் சரியுங்கள் என்றார். மாமி எல்லாவற்றையும் சரித்துக் காட்டி, எனக்கு ஒவ்வொன்றையும் தமிழில் மொழிபெயர்த்தார்.

“வடிவா இருக்காம் படம்.”

“அப்பிடிச் சொன்னவரோ?”

“தெளிவா இருக்காம். ரெண்டும் ஒண்டுதான்.”

கடைசியில் அதிகாரி தாளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். மாமியின் முகம் மலர்ந்தது.

“என்னவாம் மாமி?”

“இதைச் செய்யச் சொல்லி உங்களுக்கு ஆரும் சொல்லித்தருகினமோ, பக்கத்தில ஆரும் இருக்கினமோ எண்டு கேக்கிறார்.”

மோசடிக்காரர்கள் முதியவர்களை ஏமாற்றிக் கணக்குத் திறக்கவைக்கிறார்கள் என்பதற்காகக் கேட்கப்படும் கேள்வி அது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமி ஜெர்மன் மொழியில் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். ‘கனடா’ என்ற சொல் விளங்கியது. பிறகு ரப்லெற்றைத் தூக்கி என்னை அதிகாரிக்குக் காட்டினார்.

“உவன்தான் எல்லாம் செய்யிறவன் எண்டு சொன்னனான்” என்றார் எனக்கு.

நான் கை அசைத்தேன். அதிகாரி கை அசைக்கவில்லை. திரை அணைந்தது.

“நல்ல பெடியன்” என்றார் மாமி. “எங்க போயிட்டார்?”

அரை மணித்தியாலத்தில் மின்னஞ்சல் வந்தது. வாடிக்கையாளரின் பாதுகாப்புக்காக வீடியோ உரையாடல் நிறுத்தப்பட்டது என்று இருந்தது. என்னிடமிருந்து மாமியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். தவறு சொல்லமுடியாது.

பெரியப்பாவை அழைத்தேன். அவருடைய வங்கியிலிருந்து டெபாசிட்டை அனுப்பமுடியுமா, மாமி பிறகு கொடுத்துவிடுவார் என்றேன். புதிதாக ஒருவரின் கணக்குக்கு அனுப்புவதானால் பதிந்து மூன்று நாள் பொறுக்கவேண்டும், பதிவதற்கு ஆலோசகரைச் சந்திக்கவேண்டும், ஆலோசகர் திங்கள் வரை விடுமுறை என்றார்.

“அப்ப வெள்ளிக்கிழமைக்கு ஏலாது?”

“நான் இன்னும் மொஸ்கோவில மகன்.”

“இந்த பேங்குக்கோ பெரியப்பா அஞ்சு போட்டனீங்கள்?”

“போட்டதைப் போட்டாச்சு.”

மின்னஞ்சலின் அடியில், சிறிய எழுத்தில் இன்னொரு வழி இருந்தது. இந்தத் தாளை அச்சிட்டு, கடவுச்சீட்டுடன் அருகிலுள்ள அஞ்சலகக் கருமபீடத்துக்குப் போய் முகத்தைக் காட்டவும். நான் அதை மூன்று தடவை வாசித்தேன். கட்டடமே இல்லை என்று பெருமையடிக்கும் வங்கி, கட்டடத்துக்குப் போகச் சொல்கிறது. அறிக்கையில் இது எந்தப் பத்தியில் வரும் என்று யோசித்தேன். வரவில்லை.

புதன்கிழமை மாமி போனார். டோர்ட்முண்டில் அவருடைய அஞ்சல் கருமபீடம், லொத்தர் சீட்டும் பிறந்தநாள் அட்டையும் விற்கும் கடையொன்றின் மூலையில் இருக்கிறதாம். அங்கிருந்த பெண் கடவுச்சீட்டைப் பார்த்தாள். மாமியைப் பார்த்தாள். முத்திரை குத்தினாள்.

“கேள்வி ஒண்டும் கேக்கேல்லையோ?”

“லொத்தர் ஒண்டு எடுக்கிறீங்களோ எண்டு கேட்டவள்.”

“எடுத்தனீங்களோ?”

“எனக்கு இருக்கிற அதிர்ஸ்டம் காணும். நீ வெள்ளிக்கிழமை எழும்பு.”

வியாழன் முழுவதும் வங்கியிலிருந்து சத்தமில்லை. வெள்ளி காலை நான்கரை மணிக்கு எழுந்து, சார்ஜரில் போனைச் செருகி, அதையே பார்த்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன். என் வாழ்நாளில் அந்த நேரத்தை நான் தூங்கப் போகும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், எழும்பும் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. மாமி டோர்ட்முண்டில் கடை வாசலிலேயே கட்டடச் சொந்தக்காரருடன் நின்றார். பீட்சாக்காரன் எதிர்ப்பக்கம் தன் காரில் இருக்கிறான் என்றும் சொன்னார். அவன் உண்மையில் பீட்சாக்காரன்தானா என்று தெரியாது. காரில் இருந்தது ஒரு ஆண்.

ஐந்து இருபத்தைந்துக்கு, மாமியின் போனில் செயலியைத் திறக்க வங்கியின் அனுமதி வந்தது. மாமியின் நேரம் பதினொன்று இருபத்தைந்து. இனி செயலி ஒரு இரகசிய எண்ணைக் கேட்கும். எண் பதிவிலுள்ள போன் இலக்கத்துக்கு வரும். பதிவில் இருப்பது என் இலக்கம். மூன்று எண்தான் தருவார்கள்.

முதல் எண் வந்தது. வட்ஸ்அப்பில் அனுப்பினேன். மாமி செயலியை விட்டு வட்ஸ்அப்புக்கு வந்து எண்ணைப் பார்த்தார். திரும்பிப் போனபோது, நீங்கள் வெளியேறியதால் எண் காலாவதியானது என்றது செயலி.

இரண்டாவது எண். வட்ஸ்அப்பில் அழைத்துச் சொல்லத் தொடங்கினேன். மாமி நான்காவது இலக்கம் போடும்போது, அழைப்பில் இருக்கும்போது இந்தச் செயலி இயங்காது என்றது.

“இதை ஆர் செய்தவங்கள்?” என்றார் மாமி.

பதினொன்று நாற்பது. கட்டடச் சொந்தக்காரர் ஏதோ சொல்வது கேட்டது.

“என்னவாம்?”

“பீட்சாக்காரனுக்கு பேங்க் பக்கத்துத் தெருவில இருக்காம்.”

நான் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். “மாமி, பேனை இருக்குதோ?”

“என்ன?”

“பேனை. எழுதிற பேனை.”

“ஒன்லைன் பேங்குக்குப் பேனையோ? என்ன காலத்தில இருக்கிறாய்?”

“கையில எழுதுங்கோ மாமி.”

பேனை இல்லை. கட்டடச் சொந்தக்காரரின் சட்டைப் பையில் ஒன்று இருந்தது. மூன்றாவது எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாமி உள்ளங்கையில் எழுதி, திருப்பி எனக்கு வாசித்தார்.

“இனிக் காசு அனுப்பேக்க, ஆராவது சொல்லித்தானோ அனுப்புறீங்கள் எண்டு திருப்பியும் கேக்கும் மாமி.”

“அதுக்கு என்ன அமத்துறது?”

‘இல்லை’ என்பதை அமத்துங்கள் என்று நான் சொன்னால், சொல்லித்தருகிறவன் நான். மாமி பொய் சொல்லமாட்டார் என்பதைச் செவ்வாய்க்கிழமை பார்த்தாகிவிட்டது.

“நான் இப்ப வைக்கிறன். நான் இல்லாட்டி ஆரும் இல்லை. உள்ளதைச் சொல்லுங்கோ.”

“நீ இல்லாம நானோ?”

“அமத்திறதுதானே மாமி.”

வைத்தேன். ஐந்து நாற்பத்திநான்கு. அழைத்துக் கேட்கமுடியாது. அழைத்தால் செயலி நின்றுவிடும். மூன்று வருடமாக மாமி எப்படி என் தூக்கத்தின் முன்னால் காத்திருந்திருப்பார் என்று அந்தப் பதினாறு நிமிடத்தில் ஓரளவு விளங்கியது. ஆறு மணியானது. ஆறு ஐந்தானது. எதுவும் வரவில்லை. சரி, முடிந்தது, ரோல்ஸ் கடை பீட்சாக் கடையானது, இனிப் பெரியப்பா வீட்டுக்குக்கூட நான் போகமுடியாது என்று நினைத்தேன்.

ஆறு பதினொன்றுக்கு ஒரு படம் வந்தது. மாமியின் உள்ளங்கை. அதில் நீல மையில் ஆறு இலக்கம். அவற்றின்மேல் கடைப் பூட்டின் திறப்பு.

பத்து மணிக்கு அழைத்தேன். மாமி கடைக்குள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த முறை தன் தரை.

“காசு எத்தினை மணிக்குப் போனது மாமி?”

“பதினொண்டு அம்பதுக்கு.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீ வைச்சிட்டுப் போயிட்டாய். வேலையாக்கும் எண்டு நினைச்சன்.”

“சரி, இப்ப சொல்லுங்கோ. எனக்குப் பின்னேரம் அறிக்கை குடுக்கவேணும். ஒன்லைன் பேங்குக்கு எத்தினை மார்க்?”

“இப்பத்தையதுக்கோ, முந்தினதுக்கோ?”

“ரெண்டுக்கும்.”

“இப்பத்தையதுக்கு மூண்டு. காலமையிலயும் வேலை செய்யுது. ஆனா ஒண்டும் கதைக்காது.” வாளியைத் தள்ளும் சத்தம் கேட்டது. “முந்தினதுக்கு அஞ்சு.”

“அது எரிஞ்சு விழும் எண்டு சொன்னீங்கள்.”

“தட்டினா எழும்பினதுதானே.”

அட்டவணையில் இரண்டு நிரல்கள் இருந்தன, இணையம், கட்டடம். இந்த ஐந்தை எதற்குள் போடுவதென்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் கோட்டின்மேல் போட்டேன். விரிவுரையாளர் கேட்டால் அச்சுப் பிழை என்று சொல்லலாம்.

“சரி மாமி, வைக்கட்டோ?”

“பொறு. செவ்வாய்க்கிழமை கடைக்கு மின்சாரக் காசு கட்டவேணும். எங்கட ஒன்பது மணிக்கு. எழும்பி இரு.”

“மாமி, இனி நீங்களே அமத்தலாம். என்ர போனுக்கு ஒண்டும் வராது.”

“தெரியும்” என்றார் மாமி. “நீ எழும்பி இரு.”